இரு பட்டங்களுக்கு இடையே தொன்னூற் பயிற்சி

ஒரு மொழியைக் கற்றல் வேறு. கற்ற மொழி கைவிட்டுப் போகாமற் காத்தல் வேறு. முன்னதற்குப் பாடத்திட்டமும் விரிவுரையும் தேர்வும் துணைநிற்கின்றன. பின்னதற்கு அத்தகைய துணை யாதும் இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தையும் குறுந்தொகையில் ஒரு பகுதியையும் சிலப்பதிகாரத்தில் ஒரு காண்டத்தையும் கற்றுக் கலைமாணித் தேர்விலே தேறிய ஒருவர், ஐந்தாண்டோ பத்தாண்டோ கழிந்தபின் முதுகலைமாணி வகுப்பிற் சேர விரும்புகின்றார் என்று கொள்வோம். பழைய நூலை எடுத்து விரிக்கின்றார். ஓரத்தில் தம் கையெழுத்தாலேயே எழுதிய குறிப்புக்கள் இருக்கின்றன. ஆயின் அக்குறிப்புக்கள் எதற்காக எழுதப்பட்டன என்பது அவருக்கு இப்பொழுது விளங்கவில்லை. தாம் கற்ற ஒன்றைப் பிறர் எழுதியதுபோற் படிக்க நேர்வது மனத்துக்கு ஒவ்வாத அனுபவம். பட்டம் பெற்றோரிற் பலர் இதனை வெளியே சொல்வதில்லை. சொல்ல நாணி, மேற்படிப்பு எண்ணத்தையே கைவிட்டுவிடுவோரும் உளர்.

இந்நிலை எல்லா ஊரிலும் உண்டெனினும் மலைநாட்டிலே சிறப்பாக நோக்கத்தக்கது. பட்டிப்பொல என்னும் ஊரை எடுத்துக்கொள்க. இலங்கைப் புகையிரதப் பாதையிலே யாவற்றினும் உயர்ந்த நிலையம் அங்கேயுள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் 6,226 அடி. ஒருபுறம் அம்பேவலைப் பசும்புற்றரை, மற்றொருபுறம் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் பாதை, இடையிடையே உருளைக்கிழங்குத் தோட்டமும் மரக்கறிப் பாத்தியும், இறக்கத்திலே தேயிலை. ஆண்டின் தொடக்க மாதங்களில் அப்பகுதிப் புல்நுனிகளில் உறைபனி வெண்மையாய்ப் படிந்து கிடக்கும். இத்தகைய இடத்திலே ஒரு பாடசாலையிற் கடமையாற்றும் வெளிவாரிப் பட்டதாரி, பகலில் ஐந்தாம் வகுப்பு மாணவருக்குக் கணக்கும் தமிழும் படிப்பிக்கின்றார். மாலையில் விறகும் மண்ணெண்ணெயும் தேடுகின்றார். பேராதனைக்குச் செல்ல ஒரு பகல் வேண்டும். மீள மற்றொரு பகல். அவர் அடுத்த பட்டத்துக்கு ஆயத்தம் செய்தல் யாங்ஙனம்?

வெளிவாரிப் பட்டம் என்பது இடத்தாலும் பொருளாலும் ஒதுக்கப்பட்டோருக்கென ஏற்பட்ட வாயில். இலண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டுப் பட்டயத்தின் வழி, கல்லூரியொன்றிலே வதிந்து கற்றிராதோரும் தன் தேர்வுகளுக்குத் தோற்ற இடமளித்தது. இலங்கையில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரும், 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை, அவ்விலண்டன் தேர்வுகளையே எழுதினர். இவ்வாயிலால் வந்தோருக்கு ஒரு குறையும் உடன்வந்தது. விரிவுரை மண்டபத்திலே கற்றவர் பட்டம் பெற்றபின் இழப்பது ஒரு சூழலை. வெளிவாரியாகக் கற்றவருக்கோ இழப்பதற்கு அச்சூழலே இருந்ததில்லை. வினாத்தாளே அவருக்கு ஆசிரியர். வினாத்தாள் நின்றதும் படிப்பும் நின்றுவிடுகின்றது.

இனி, எது முதலில் மறக்கப்படுகின்றது என்பதை ஆராய்தல் வேண்டும். பலரும் எண்ணுவதுபோல அருஞ்சொற்களே முதலில் மறக்கப்படுகின்றன என்பது முழுதும் பொருந்தாது. அருஞ்சொல் மறந்தால் மறந்தது தெரியும், அகராதி உதவும். மறந்தது தெரியாமலே மறக்கப்படுவனவே பெருங்கேடு செய்வன. 'உண்ணா வந்தான்' என்னுந் தொடரை இக்காலத் தமிழறிவு மட்டும் உடையவர் 'உண்ணாமல் வந்தான்' என்றே கொள்வர். பழைய வழக்கிலே அது 'உண்டு வந்தான்' என்றும் பொருள்படும். செய்யா என்னும் வாய்பாட்டு உடன்பாட்டு வினையெச்சம் அது. இரண்டு பொருளும் ஒன்றற்கொன்று நேர்மாறு. பொருள் மாறியது படிப்பவருக்குத் தோன்றுவதேயில்லை. ஏனெனில் தவறான பொருளும் தடையின்றிச் செல்கின்றது. 'கேண்மதி' என்பதிலே மதி என்பது திங்களுமன்று, அறிவுமன்று. முன்னிலைக்கண் வரும் அசைச்சொல். 'சென்றனன் கண்டான்' என்பதிலே முதலிலுள்ளது முற்றுப்போல நின்ற எச்சம். 'நாற்றம்' நறுமணத்தையும், 'கோயில்' அரண்மனையையும், 'வேண்டும்' விரும்புதலையும் குறிக்கும் இடங்கள் பல. 'மா' என்னும் ஓரெழுத்து விலங்கோ, குதிரையோ, மாமரமோ, கருமையோ, பெருமையோ என்பதை அவ்விடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

இவையெல்லாம் தேர்வுக்காலத்தில் அவர் அறிந்திருந்தவையே. வினையெச்ச வாய்பாடுகளைத் தொல்காப்பியர் ஒன்பதாகவும் நன்னூலார் பன்னிரண்டாகவும் எண்ணினர் என்பதை இன்றும் அவர் தடையின்றிச் சொல்லுவார். எண்ணிக்கை நினைவில் நிற்கின்றது. அவ்வாய்பாடு பாட்டின் நடுவே எதிர்ப்படும்போது அதனை இன்னதெனக் கண்டுகொள்ளும் கண் மட்டும் மங்கிவிடுகின்றது. இலக்கண அறிவு வேறு, இலக்கணத்தாற் படிக்கும் வன்மை வேறு என்பது இவ்விடத்தே புலனாகும். முதுகலை ஆய்வு வேண்டுவது பின்னதனையே.

மறதியின் இயல்பைப் பற்றி உளநூலார் கண்டறிந்தவை இங்குப் பயன்படும். ஜெர்மானிய அறிஞர் எபிங்கௌஸ் 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, கற்றது முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் தேய்கின்றது என்று காட்டினார். அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து தம்மையே சோதித்தவர். ஆதலின் அம்முடிபு மொழிக்கல்விக்கு முற்றும் பொருந்துமோ என்பது ஐயத்துக்குரியதாய் இருந்தது. 1984-இல் அமெரிக்க உளநூலறிஞர் ஹாரி பாரிக் என்பார், பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி கற்ற 700-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து ஓர் அரிய செய்தியை வெளியிட்டார். அவருள் ஐம்பதாண்டுக்கு முன் கற்றோரும் இருந்தனர். கற்ற மொழியறிவு முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள்ளே பெரிதும் தேய்கின்றது; அதன்பின் எஞ்சியது ஏறக்குறைய முப்பதாண்டளவும் பெரும்பாலும் தேயாது நிற்கின்றது; எஞ்சுவது எவ்வளவு என்பது முதலிற் கற்றதன் ஆழத்தைப் பொறுத்தது. இம்முடிபைப் பட்டதாரி ஆசிரியரின் வாழ்க்கையோடு பொருத்தி நோக்குக. பட்டம் பெற்ற முதல் ஐந்தாண்டுகளே நியமனம், இடமாற்றம், திருமணம், குழந்தைகள், கடன் ஆகியவை ஒருங்கே வந்து சூழும் ஆண்டுகள். காவல் மிகவும் வேண்டப்படும் காலத்திலேயே காவலாளன் ஊரில் இல்லை.

முன்னோரும் இதனைத் தம் முறையிலே அளந்திருந்தனர். நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கனது புலமையை நான்கு கூறாக்கும். ஆசான் உரைத்ததனை நன்கு கேட்டுக் கொள்வதனால் வருவது காற்கூறு. உடன்கற்போரோடு பயில்வதனால் வருவது மற்றொரு காற்கூறு. தான் பிறர்க்கு உரைப்பதனால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அதன் கருத்து. வடமொழியிலும் இதுபோன்ற ஒரு பங்கீடு வழங்குகின்றது. ஆங்கே ஆசிரியரால் ஒரு பாதம், மாணாக்கனின் சொந்த அறிவால் ஒரு பாதம், உடன்கற்போரால் ஒரு பாதம், காலம் செல்லச் செல்ல ஒரு பாதம் என்பர். பவணந்தியார் காலத்துக்குப் பங்கு கொடுத்திலர். இரு பட்டங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை நோக்கும்போது, காலம் கொடுப்பதினும் கொண்டுசெல்வதே மிகுதியாதலின், நன்னூலாரின் கணக்கே மெய்யென்று தோன்றுகின்றது.

அக்கணக்கின்படி பட்டிப்பொல ஆசிரியரின் நிலை என்ன? ஆசான் தந்த காற்கூறு தேய்ந்துகொண்டிருக்கின்றது. உடன்பயில்வோர் ஒருவர் நுவரெலியாவிலும் ஒருவர் ஹட்டனிலும் ஒருவர் பதுளையிலுமாகச் சிதறிவிட்டனர். எஞ்சியிருப்பது உரைப்பதனால் வரும் அரைக்கூறு. அவரோ ஆசிரியர், நாள்தோறும் உரைப்பதே அவர் தொழில். ஆகவே அரைக்கூறு அவர் கையிலே உளது எனலாமோ? அவர் உரைப்பது பழந்தமிழாயின் ஆம். கீழ்வகுப்புப் பாடநூலை மட்டும் ஆண்டுதோறும் உரைப்பாராயின், அவ்வுரைப்பு அவருடைய தொன்னூற் புலமைக்கு ஒரு துளியும் சேர்க்காது. இவ்வுண்மையை உணராமல், 'தமிழாசிரியராக இருக்கின்றேன். தமிழ் எப்படி மறக்கும்?' என்று ஆறுதலடைவோர் பலர்.

இடைக்காலத்தை வீணாக்காது காத்த சான்றோர் சிலரின் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் கலைமாணிகள் இருவருள் ஒருவரானார். அதன்பின் அரசாங்க உத்தியோகம். 1871-இல் சட்டப் பட்டம். பின்னர்ப் புதுக்கோட்டையிலே நீதிபதிப் பதவி. இவ்வலுவல்களுக்கிடையே 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடும், 1881-இல் வீரசோழியத்தையும், 1887-இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். இளமையிலே சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் கேட்ட தமிழை அவருடைய ஆங்கிலப் பட்டமும் மறைக்கவில்லை. அலுவலகக் கணக்கும் மறைக்கவில்லை.

காரைதீவு மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள், 1916-இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதத் தேர்விலே தேறியவர். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியரானார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றார், அதுவும் வெளிவாரியாகவே. பௌதிகமும் கணிதமும் படிப்பித்த கையாலேயே இலக்கணத்தையும் புரட்டினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தபோது, பண்டிதத் தேர்வு எழுதிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கணித அறிவு கொண்டு துருவி ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947-இல் அரங்கேறியது. ஒரு துறையிலே ஈடுபட்டிருத்தல் மற்றொரு துறையை மறத்தற்குக் காரணமாகாது என்பதற்கு அவர் சான்று. எனினும் அவர்போலத் துறவு பூண்டவருக்குக் கடன்காரர் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

தனிநாயக அடிகளின் வழி வேறு. அவர் உரோமாபுரியிலே சமயக்கல்வி முற்றியவர். இலத்தீன் முதலிய மொழிகளிலே வல்லவர். பழந்தமிழிலோ அப்பொழுது ஆழ்ந்த பயிற்சி இல்லாதவர். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிப் பகுதி வடக்கன்குளத்திலே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்த ஐந்தாண்டுகளில், அவ்வூரிலே இருந்த பண்டிதர் ஒருவரிடம் தமிழ் கேட்டார். அதன்பின்னரே தம் முப்பத்திரண்டாம் வயதிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்பதைப் பொருளாகக் கொண்டு மேற்பட்ட ஆய்வு செய்தார். இரு படிப்புகளுக்கு இடைப்பட்ட ஆசிரியத்தொழிற் காலத்தைப் பிறர் மறத்தற்குரிய காலமாகக் கழிக்க, அவர் அதனைக் கற்றற்குரிய காலமாக ஆக்கினார். தலைநகர்க் கல்லூரி அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு சிற்றூர்ப் பள்ளியும் ஒரு பண்டிதரும் போதுமானவராயினர்.

இம்மூவரினும் விரித்துரைக்கத்தக்கது உ. வே. சாமிநாதையரின் வரலாறு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் அவர் 1876-இல் மறையும்வரை இருந்து கற்ற ஐயர், 1880-இல் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். என்ன படித்திருக்கின்றீர் என்ற வினாவுக்கு, அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் புராணங்களுமாகத் தாம் கற்ற நூல்களின் பெரும்பட்டியலை ஐயர் உரைத்தார். முதலியாரோ அவற்றை ஒரு பொருட்டாகக் கொள்ளாது, சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என வினவினார். இந்நிகழ்ச்சியை ஐயர் தம் தன்வரலாற்றிலே மறைக்காது எழுதியுள்ளார்.

இதனைப் பழந்தமிழ் மீட்பின் தொடக்கம் என்றே யாவரும் எடுத்துரைப்பர். இக்கட்டுரைப் பொருளுக்கு வேண்டுவது அதன்பின் நிகழ்ந்தது. ஒப்பற்ற ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்காகக் கற்றவருக்கே சிந்தாமணி எளிதில் விளங்கவில்லை. சமணசமயக் கொள்கைகள் அவருக்குப் புதியன. கும்பகோணத்துச் சைனரிடம் சென்று கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையிலே பெயர் சொல்லாது எடுத்தாளப்பட்ட மேற்கோள்கள் எங்கேயுள்ளன என்பதும் தெரியவில்லை. ஏட்டிலிருந்த பிற நூல்களைத் தேடிப் படித்துக் குறிப்பெழுதி வைத்தார். பகலிற் கல்லூரி வேலை. எஞ்சிய நேரத்திலே ஏடு. ஏழாண்டுகளின் பின் 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் தொடர்ந்தன. முதற் கல்வி அவருக்குத் தந்தது இந்நூல்களின் பொருளையன்று. ஒரு செய்யுளை விடாது பற்றிப் பொருள்காணும் பழக்கத்தையே. அப்பழக்கம் அறாதிருந்தமையால் அறியாத நூலை அறியவும் இயன்றது. முதுகலை மாணவர் எதிர்நோக்குவதும் பெரும்பாலும் முன்பு படித்திராத நூலையே.

ஆகவே இடைக்காலத்திற் காக்கவேண்டியது இன்ன நூலின் இன்ன பகுதி என்பதன்று. நாள்தோறும் ஒரு சிறு செய்யுளையேனும் தானே பிரித்துப் பொருள்கொள்ளும் பழக்கம் வேண்டும். இதற்குக் குறுந்தொகை மிகவும் ஏற்றது. பாட்டுக்கள் ஏறக்குறைய 400. பெரும்பாலும் நான்கு அடி முதல் எட்டு அடி வரை. நாளுக்கு ஒன்றாகப் பதின்மூன்று மாதத்தில் முடியும். நெடிய பாட்டுக்களையுடைய அகநானூற்றிலே தொடங்குவோர் பலர் முதல் வாரத்திலேயே களைத்து விடுகின்றனர். உரைநடையைப் பயில விரும்புவோருக்குப் பரிமேலழகர் உரையோடு திருக்குறள். 1,330 குறளுக்கு மூன்றாண்டு எட்டு மாதமளவு செல்லும். உரையாசிரியரின் நடையும் ஒரு தனிமொழி. அதனை வழுவின்றிப் படிக்கத் தெரியாதவர் செய்யுளை நன்கறிந்தாலும் ஆய்வு செய்தல் அரிது.

பயிலும் முறையிலே ஒன்று முதன்மையானது. உரையை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு மூலத்தை மட்டும் வாய்விட்டு இருமுறை படித்தல் வேண்டும். சீர் பிரிந்த இடம் வேறு, சொல் பிரியும் இடம் வேறு. வாய்விட்டுப் படிக்கும்போது இவ்வேறுபாடு செவிக்குத் தெரியும். பின்னர்ச் சொற்களைப் பிரித்து எழுதி, வினைமுற்று யாது, அதற்கு எழுவாய் யாது, எச்சங்கள் எவ்வினையிற் சென்று முடிகின்றன என்று கோடிட்டுக் காட்டி, தன் பொருளை நான்கு வரியில் எழுதுதல் வேண்டும். அதற்குப் பின்னரே தாளை நீக்கி உரையைப் பார்க்கலாம். இவ்வொழுங்கை மாற்றி, உரையை முதலிற் படித்துப் பின் மூலத்தைப் பார்ப்பின் எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். மறுவாரம் ஒன்றும் நில்லாது. மீண்டும் மீண்டும் படிப்பதினும் தன்னைத்தான் வினாவி நினைவிலிருந்து எடுப்பதே நெடிது நிற்கும் என்பதை 2006-இல் உரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் நடத்திய சோதனைகளும் காட்டின. பாடங்கேட்ட நாளின் மறுநாள் மாணாக்கனை ஒப்புவிக்கச் செய்த திண்ணைப்பள்ளி ஆசிரியருக்கு இச்செய்தி வியப்பளித்திராது.

இரண்டாவது, துண்டுக்குறிப்பு. தானே கண்ட ஒவ்வொரு வழக்கையும், உதாரணமாக உடன்பாட்டுப் பொருளில் வரும் செய்யா என்னும் எச்சம் ஒன்றையோ, அசையாக வரும் மதி ஒன்றையோ, பாட்டெண்ணோடு ஒரு துண்டில் எழுதி அகரவரிசையில் அடுக்குதல். அச்சிட்ட சொல்லடைவுகள் இருக்கும்போது இஃது எதற்கு என்பர். அடைவு கையிலிருப்பதனால் மனத்திலிருப்பதாகாது. ஆண்டிறுதியிலே அத்துண்டுகளை எடுத்துப் பார்ப்பவர், தம்மையறியாமலே ஒரு சிறு ஆய்வுக்குப் பொருள் சேர்ந்திருப்பதைக் காண்பார். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வுப்பொருள் இல்லையே என்று ஏங்குவோருக்கு வேறு மருந்து தேவையில்லை.

மூன்றாவது, நன்னூலார் கூறிய உடன்பயில்வோர். சிதறியிருக்கும் மூவர் வாரத்துக்கு ஒரு பாட்டை வரையறுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் பொருளை எழுதி மற்றவர்க்கு அனுப்பலாம். முன்பு தபால் செய்ததை இன்று கைத்தொலைபேசி நொடியிற் செய்கின்றது. ஆயின் எழுதுவதற்கு முன் பிறர் பொருளைப் பார்த்தலாகாது என்னும் விதி இன்றியமையாதது. அவ்விதி தளர்ந்தால் மூவரில் ஒருவரே படிப்பார், இருவர் பாராட்டுவர்.

வடமொழியையும் பாடமாகக் கொண்டவர் நிலை இன்னும் கடினமானது. தமிழ் மறந்தாலும் வீட்டிலும் வீதியிலும் அதன் வேர் உயிரோடிருக்கின்றது. வடமொழிக்கு அத்துணை இல்லை. ராம என்னும் சொல்லின் எட்டு வேற்றுமை, மூன்று எண் ஆகிய 24 உருவங்களும் ஒருமுறை நாவிலே படிந்தவருக்கு நெடுங்காலம் நிற்கும்; வினையின் பல்வேறு இலகாரங்கள் அவ்வாறு நில்லா. ஆதலின் வடமொழியைப் பொறுத்தவரை புதிதாய் ஒன்றும் படிக்க முயலாது, முன்பு பாடமாகக் கற்ற ஒரே எளிய நூலை, இதோபதேசம் போன்ற ஒன்றை, ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் படித்து முடித்தல் போதும். இரண்டு மொழியையும் ஒரே அளவு காக்க முயன்று இரண்டையும் இழப்பதினும், ஒன்றை நாள்தோறும் மற்றதனை வாரந்தோறும் பயில்வதே நடைமுறைக்கு ஒத்தது.

நூல்கள் கிடைக்குமோ என்பது முன்னாளிற் பெரிய வினா. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939-இல் அநுபந்தம் சேர்ந்தது. ஒரு தோட்டப்பாடசாலை ஆசிரியர் அதனை விலைகொடுத்து வாங்குதல் கனவே. யாழ்ப்பாணம் பொதுநூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் மீண்டும் கிடைத்தற்கரியனவும் இருந்தன. இன்று அப்பேரகராதியையும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தட்டெழுதித் தந்த இலக்கியங்களையும், 2005 முதல் நூலகம் நிறுவனம் சேர்த்துவரும் ஈழத்து நூல்களையும் இணையத்திலே பொருளின்றிப் பார்க்கலாம். மலையுச்சியிலிருப்பவருக்கு இது பெரும்பேறு. எனினும் ஓர் எச்சரிக்கை. இணையத்திலே தட்டெழுதிய மூலங்களில் எழுத்துப்பிழையும் சந்தி பிரித்த பாடமும் கலந்திருத்தலுண்டு. பிறர் பிரித்துவைத்த பாடத்திலேயே பழகியவர் பிரிக்கும் வன்மையை இழப்பர். சாமிநாதையர் 1937-இல் தம் உரையோடு வெளியிட்ட குறுந்தொகை போன்ற நல்ல பதிப்பொன்றின் உருவப்படியைத் தாளிலே எடுத்து வைத்துக்கொள்ளுதல் நன்று. மின்சாரம் நின்ற இரவிலும் அது திறக்கும்.

பட்டிப்பொல போன்ற ஊரில் இருப்போருக்கு நகரத்தாருக்கு இல்லாத சில வாய்ப்புக்களும் உள. ஹோர்ட்டன் சமவெளியிலே சிங்கள மக்கள் 'நெலு' என வழங்கும் செடி, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூப்பது; பழந்தமிழர் குறிஞ்சி என்றதும் அதுவும் தாவரநூலார் வகுப்பிலே ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை அடுக்கினார். அவற்றுள் எவையெவை இம்மலையிலும் உள்ளன, எவையில்லை என்று மாணவரைக்கொண்டு தேடிக் குறித்தல், அருஞ்சொல்லை மனத்தில் நிறுத்தும் வழியுமாகும், மாணவர்க்குப் பாடமுமாகும். ஊர்ப்பெயரிலேயே ஒரு செய்தி உண்டு. பட்டி என்னும் சொல் தமிழிலே ஆனிரை அடைக்கும் இடத்தைக் குறிப்பது. சிங்களத்திலும் அஃது ஆனிரையோடு தொடர்புடையதாய் வழங்குகின்றது.

தோட்டங்களிலே மாசி பங்குனியில் நிகழும் காமன் கூத்தும், ஒப்பாரியும், தாலாட்டும், கொழுந்து பறிப்போர் பாடல்களும் மற்றொரு செல்வம். சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தொகுத்தார். தலைவி கூற்று, தோழி கூற்று, தாய் கூற்று என அகப்பாட்டின் அமைப்பை ஏட்டிலே கற்றவர், பாடுபவர் பெயர் சொல்லாது ஒரு நிலையிலே நின்று பாடும் அப்பாடல்களைக் கேட்கும்போது அவ்வமைப்பு உயிர்பெறக் காண்பார். இரண்டும் ஒன்றே என்று துணிந்துவிடுதல் கூடாது; ஈராயிரம் ஆண்டு இடையீட்டை ஓர் ஒப்புமை அழித்துவிடாது. அவ்வொப்புமையை அளந்து காணுதல் முதுகலை ஆய்வுக்கே ஏற்ற பொருள்.

இவ்வளவு முயற்சி ஒருவர் பெயருக்குப் பின்னே இன்னும் இரண்டெழுத்துச் சேர்வதற்காக மட்டுமாயின் மிகையே. மலைநாட்டிலே செய்தி வேறு. தோட்டப் பாடசாலைகள் 1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடங்கியே படிப்படியாக அரசின் பொறுப்பிலே வந்தன. அதற்கு முன் பல தலைமுறையினர் எழுத்தறிவோடு நின்றுவிட்டனர். இன்று உயர்தர வகுப்பிலே தமிழ் எடுத்துப் பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் லயத்துப் பிள்ளை ஒன்று, விளங்காத செய்யுளை எடுத்துக்கொண்டு வந்து கேட்பதற்கு அவ்வூரிலே உள்ளவர் அந்த ஓராசிரியரே. அவர் 'உண்ணா' என்பதற்குத் தவறான பொருள் உரைப்பாராயின், அதனைத் திருத்துவோர் மலையடிவாரம் வரையிலும் ஒருவரும் இரார். வழிகாட்டி நூலைப் பார்த்து உரைப்பாராயின், பிள்ளையும் வழிகாட்டி நூலையே படிக்கப் பழகும். கீழ்வகுப்பு மட்டும் படிப்பிப்பவர் வாரத்தில் ஒரு மாலை உயர்தர மாணவர் இருவரையேனும் அமர்த்தி ஒரு பாட்டை உரைப்பாராயின், நன்னூலார் சொன்ன அரைக்கூறு அவருக்கு மீண்டும் வந்து சேரத் தொடங்கும். பிள்ளைகளின் வினாக்கள் தேர்வாளர் வினாக்களிலும் கூரியன.

விண்ணப்பம் எழுதுவதற்கு ஓராண்டு முன்னரே தன்னைத்தான் சோதித்தல் நலம். முன்பு படித்திராத நற்றிணைப் பாட்டொன்றை எடுத்து, அகராதியும் உரையுமின்றி அரைமணி நேரத்திலே வினைமுடிபு காட்டிப் பொருளெழுதிப் பார்க்கலாம். பொருள் முழுதும் சரியாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. எந்த இடத்திலே தனக்கு விளங்கவில்லை என்பது சரியாகத் தெரிந்திருந்தால் அதுவே போதிய ஆயத்தம். எல்லாம் விளங்கியதாகத் தோன்றி, உரையைப் பார்த்தபின் பாதி தவறென்று கண்டால், விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிவைத்துக் குறுந்தொகையின் முதற் பாட்டிலிருந்து தொடங்கலாம். பதின்மூன்று மாதத்திற் குறுந்தொகை முடியும்.